ஜாவாவின் வீடு எது?

பூண்டு பிடுங்க ஆள் கூப்பிடுகிற நாளாகப் பார்த்துத்தான் சேனாதிபதிக்கு ஞானம் பிறந்தது.

"மதி, நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். இனிமே இந்தக் கை மண்ணைத் தொடாது."

தமிழ்மதி அடுப்பிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது வரைக்கும் தொட்டுச்சாக்கும்?"

"நக்கல் பண்ணாத. நான் ஆப் செய்யப் போறேன்."

"யாருக்கு ஆப்பு?"

"ஆப்பு இல்ல புள்ள, ஆப். செல்போன்ல தொட்டா தொறக்குமே, அது. போளூர் பூண்டு இன்னைக்கு எந்தச் சந்தையில என்ன வெலைன்னு சம்சாரி வீட்டுல இருந்தே பாத்துக்கிடலாம். பேரு கூட வச்சாச்சு."

"என்ன பேரு?"

"பூண்டோடு."

தமிழ்மதி இப்போதுதான் திரும்பினாள். கையில் கரண்டி இருந்தது.

"ஒருத்தரை ஒருத்தர் பூண்டோட போகன்னு ஆளுக வையறது காதுல விழுந்ததே இல்லையா? வேற பேரே கெடைக்கலையாக்கும்?"

இந்த இடத்தில் சேனாதிபதியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெயர்தான் சேனாதிபதி. அவருடைய சேனையில் மொத்தம் ஒரே ஒரு ஆள். உத்தரவு போடுவதும் அந்த ஆள்தான். பூம்பாறைக்குப் பக்கத்து மலைக் கிராமமான போளூரில் அப்பா விட்டுப்போன பூண்டுக் காடு இருக்கிறது. காட்டைப் பார்த்துக்கொள்வது தமிழ்மதி. தமிழ்மதி காட்டைப் பார்த்துக்கொள்கிறாளா என்று பார்த்துக்கொள்வது சேனாதிபதி. அதையும் அவர் காட்டுக்குப் போய்ப் பார்ப்பதில்லை. வாசலை ஒட்டிய சின்ன அறையின் சன்னல் வழியாகவே பார்த்துவிடுவார்.

அந்த அறைக்கு 'ஆபீஸ்' என்று பெயர். பெயர் வைத்தவர் அவரே. அதில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, அந்த இரண்டையும்விட அதிகமாக உழைத்துத் தேய்ந்த ஒரு பாய். மேஜைமேல் ஒரு லேப்டாப். மலையில் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கலாம் என்று வட்டக்கானலுக்கு வந்து, மழையையும் அட்டைப்பூச்சியையும் பார்த்துவிட்டு ஊருக்கே ஓடிப்போன ஒரு சாப்ட்வேர்க்காரர் கழித்துவிட்டுப் போனது அது. அன்றைக்கு அதில் ஆப் செய்கிற சாப்ட்வேரை இறக்க ஆரம்பித்தார் சேனாதிபதி. போளூரில் சிக்னல் மேகம் மாதிரி. வரும், கொஞ்ச நேரம் நிற்கும், போய்விடும். சாப்ட்வேர் இறங்கி முடிப்பதற்குள் காட்டில் பாதிப் பூண்டு ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது.

இந்த மாதிரி சாப்ட்வேரில் ஒரு நல்ல வசதி உண்டு. 'டாக்டர்' என்று தட்டினால் போதும். கம்ப்யூட்டரைத் தலை முதல் கால் வரை சோதித்து எது இருக்கிறது, எது இல்லை என்று சொல்லிவிடும். இருந்தால் பச்சை டிக். இல்லையென்றால் சிவப்புப் பெருக்கல் குறி. சேனாதிபதி டாக்டரைக் கூப்பிட்டார். திரை மிளகாய் வற்றல் காயப்போட்ட களம் மாதிரி சிவந்துபோனது.

காப்பி கொண்டுவந்த தமிழ்மதி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, ஒரே செவப்பா இருக்கு?"

"டாக்டரு பாத்துட்டாரு. காம்போனென்ட் மிஸ்ஸிங்ங்கிறாரு."

"அப்படின்னா?"

"உறுப்பு ஏதோ கொறையுதாம்."

"யாருக்கு?"

"கம்ப்யூட்டருக்குத்தான்!"

"அப்படித் தெளிவாச் சொல்லுங்க. நான் ஒரு நிமிசம் பயந்துட்டேன்."

"அது போக, பாத் சரியில்லையாம்."

"அதைத்தான நான் பொங்கல்ல இருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்! குளிருது குளிருதுன்னு எத்தனை நாளைக்குத்தான் மூஞ்சியை மட்டும் கழுவிக்கிட்டுத் திரிவீங்க? இப்ப டாக்டருக்கே வாடை எட்டிருச்சா?"

"அது குளிக்கிற பாத் இல்ல புள்ள. வழி. பாதை."

"பாதை எங்க போயிரும்? கொல்லையில குளிக்கிற ரூமுக்கு நேராத்தான் கெடக்கு. வெந்நி போட்டுருக்கேன், வெரசாப் போங்க."

டாக்டரே சொன்ன பிறகு என்ன செய்ய முடியும்? பல் கிடுகிடுக்கக் குளித்துவிட்டு வந்து மறுபடி டாக்டரைக் கூப்பிட்டார். பாத் அப்போதும் சரியாகியிருக்கவில்லை.

காம்போனென்ட் குறைவதில் ஒரு சௌகரியம் இருப்பதை சேனாதிபதி சீக்கிரமே கண்டுபிடித்தார். குறைகிற வரைக்கும் யாரும் வேலை எங்கே என்று கேட்க முடியாது. சன்னலை ஒட்டிய வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஞானவேல்தான் சத்தம் போட்டார். பக்கத்துக் காட்டுக்காரர், வயதில் மூத்தவர், வாய்க்குப் பூட்டு போடாதவர்.

"ஏலே சேனா! ஆளு பத்தாம ஒம் பொண்டாட்டி காட்டுல தனியாக் கெடந்து பிடுங்குது. நீ உள்ள உக்காந்து என்னலே பண்ற?"

"எனக்கு காம்போனென்ட் மிஸ்ஸிங்ணே."

"அது ஊருக்கே தெரிஞ்ச விசயம்லே. இன்னைக்கு என்ன சோலின்னுதான் கேட்டேன்."

மானம் உள்ள மனிதர் எத்தனை நாள் பொறுப்பார்? ஒருநாள் சேனாதிபதி உண்மையாகவே உட்கார்ந்து, இந்தக் குறையை எப்படித் தீர்ப்பது என்று நெட்டில் தேடிப் படித்தார். பெரிய வித்தை ஒன்றுமில்லை. சாப்ட்வேரைத் திறந்தால், குறைகிற காம்போனென்ட்டை நான் இறக்கிக்கொள்ளட்டுமா என்று அதுவே கேட்கும். ஒரு பட்டனை அமுக்க வேண்டும். லைசென்ஸுக்குச் சம்மதமா என்று கேட்கும். சம்மதம் என்று தட்ட வேண்டும். ஜாவா இல்லை என்று டாக்டர் அழுவதெல்லாம் சும்மா. ஜாவா என்பது கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற ஒரு சமாச்சாரம். அது அந்த சாப்ட்வேரோடு சேர்ந்தே வந்திருக்கும். எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தால் போதும்.

சேனாதிபதி பட்டனை நோக்கி விரலைக் கொண்டுபோனார். அப்போது டாக்டர் சிவப்பில் எழுதியிருந்த இரண்டு வரிகள் கண்ணில் பட்டன. ஜாவா ஹோம் நாட் செட். ஜாவா நாட் ஃபவுண்ட்.

விரல் அப்படியே நின்றது.

ஜாவா! அந்தப் பெயரைக் கேட்டால் சேனாதிபதியின் நெஞ்சில் வேறு ஒன்று ஓடும். அது பெட்ரோலில் ஓடுவது. பாச்சலூரில் அவருடைய மாமனார் நல்லசாமியிடம் ஒரு ஜாவா மோட்டார் சைக்கிள் இருந்தது. பழசு. ஆனால் டேங்க் கண்ணாடி மாதிரி மின்னும். பெண் பார்க்கப் போன அன்று சேனாதிபதி முதலில் பார்த்தது அதைத்தான். பெண்ணை அப்புறம்தான் பார்த்தார். பிடித்திருக்கிறதா என்று கேட்டபோது அவர் தலையாட்டியது இரண்டுக்கும் சேர்த்து. வீட்டுக்கு வந்தது ஒன்றுதான்.

அந்த வண்டியை நல்லசாமி வெளியாள் யாரிடமும் கொடுத்ததில்லை. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போது கண் கலங்காத மனிதர், ஜாவாவை ஒருநாள் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வரும்போது அழுதார் என்று பாச்சலூரில் இன்னமும் சொல்வார்கள்.

ஆனால் மாமனார் பேச்சை எடுத்தால் இன்னொரு பேச்சும் கூடவே எழும். அதற்குத்தான் சேனாதிபதி பயந்துகொண்டிருந்தார். மாமியார் போய்ச் சேர்ந்ததிலிருந்து நல்லசாமி தனியாகத்தான் இருக்கிறார். தானே பொங்கித் தானே சாப்பிடுகிறார். போன மாதம் கஞ்சி வடிக்கும்போது கையில் கொட்டிக்கொண்டார். அப்பாவை இங்கே கூட்டி வந்துவிடலாம் என்று தமிழ்மதி கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டாள். நல்லசாமியோ முறை தெரிந்தவர். "மக வீட்டுல போயி மக கூப்பிட்டான்னு உக்காந்தா ஊரு சிரிக்கும் தாயி. மாப்ள அவரு வாயால வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். மறுநாளே வாரேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் சேனாதிபதி வாயிலிருந்து வாங்க முடியவில்லை. "பாப்போம்" என்பார். அவ்வளவுதான். மாமனார் மேல் அவருக்கு வெறுப்பெல்லாம் கிடையாது. ஆனால் நல்லசாமி வெள்ளனே எழுந்திருக்கிறவர். தான் எழுந்தால் ஊரையே எழுப்புகிறவர். வந்தால் அவரைத் தங்கவைக்க வீட்டில் இருக்கிற ஒரே அறை ஆபீஸ்தான். அந்தப் பாயை அப்புறம் எங்கே விரிப்பது?

மாமனார் வேண்டாம். மாமனார் வண்டி வேண்டும். பட்டனை அமுக்காமல் விரலை எடுத்துக்கொண்டு, "மதீ!" என்று கூப்பிட்டார்.

தமிழ்மதி கைமண்ணைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

"டாக்டரு என்ன சொல்லிருக்காரு, நீயே படி."

அவள் குனிந்து படித்தாள். "ஜாவா... நாட் ஃபவுண்ட்."

"பாத்தியா? ஜாவா இல்லையாம்."

"எந்த ஜாவா?"

"ஒலகத்துல எத்தனை ஜாவா இருக்கு?"

"எங்கப்பா வண்டியா?"

"நான் சொல்லல. டாக்டரு சொல்றாரு."

"கம்ப்யூட்டருக்கு எதுக்குங்க மோட்டார் சைக்கிளு?"

இந்தக் கேள்விக்குச் சேனாதிபதி விடை தயாராக வைத்திருந்தார். "ஆப் செஞ்சா மட்டும் போதுமா? சந்தை சந்தையாப் போயி வெலை எடுக்கணும்ல? வண்டி இல்லாதவன் கையில சாப்ட்வேரைக் குடுத்தா வீட்டுல உக்காந்துக்கிட்டே பொய் வெலை போட்டுருவான்னு கம்பெனிக்காரன் முன்கூட்டியே கேக்குறான். அதுலயும் கண்ட வண்டியும் செல்லாது. மலை ஏறணும். அதான் ஜாவா."

"அம்புட்டு வெவரமாவா கேக்குது?"

"வெள்ளைக்காரன் எதையும் வெவரமாத்தான் கேப்பான்."

தமிழ்மதி அவரைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"இதுக்கு மேல இன்னொரு வரி கெடக்கே. ஜாவா ஹோம் நாட் செட். அது என்னங்க?"

இதற்கு அவர் தயாராக இல்லை. ஆனால் பொய் சொல்கிறவனுக்கு வழியில் சறுக்கல் தெரியாது. "அதுவா? ஜாவாவுக்கு வீடு எதுன்னு கேக்குது. பாச்சலூரா, போளூரான்னு நாமதான் சொல்லணும்."

"நாமளே சொல்லிறலாமா?"

"பின்ன? வீட்டு ஆம்பளை வாயால சொன்னாத்தான் ஏத்துக்கிடும்."

தமிழ்மதி அந்த வரியை இன்னொரு தரம் படித்தாள். அவள் கண்ணில் ஏதோ மின்னியது. திரையின் வெளிச்சம்தான் அது என்று சேனாதிபதி நினைத்துக்கொண்டார்.

"சரிங்க. அப்ப அப்பாகிட்ட நீங்களே உங்க வாயால சொல்லிருங்க. நான் கேட்டா அவரு குடுக்க மாட்டாரு."

சேனாதிபதி ஆகாயத்தில் பறந்தார். போளூரில் போன் பேச வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போக வேண்டும். அங்கேதான் சிக்னல் முழுசாக நிற்கும். அவர் செருப்பைத் தேட, தமிழ்மதி தடுத்தாள்.

"மேட்டுல பனி கொட்டுது. சளி பிடிச்சுக்கிடும். அடுக்களை சன்னல்ல நின்னு பேசுங்க."

"இங்க விட்டு விட்டுல்ல கேக்கும்?"

"கேக்குற அளவுக்குக் கேட்டா போதும்."

மனைவியின் அக்கறையில் நெகிழ்ந்துபோய், அடுக்களை சன்னலில் தலையை நீட்டிக்கொண்டு மாமனாரைக் கூப்பிட்டார்.

"மாமா! நல்லாருக்கீங்களா? ஒரு விசயம். ஜாவாவுக்கு இனிமே வீடு போளூர்தான் மாமா! கொண்டுக்கிட்டு வாங்க!"

"என்ன மாப்ள? வெட்டு வெட்டுன்னு கேக்குது..."

"வீடு போளூர்தான்னேன்! கெளம்பி வாங்க!"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தார். போகவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"மாப்ள... நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நெசமாத்தான் மாமா! ஜாவா இல்லாம எங்களால முடியாது மாமா!"

"வாரேன் மாப்ள. நான் வாரேன்" என்றார் நல்லசாமி. குரல் உடைந்திருந்தது.

வண்டியைப் பிரிய மனுஷன் எப்படிக் கலங்குகிறார் பார் என்று சேனாதிபதிக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

மறுநாளே தமிழ்மதி ஆபீஸை ஒழிக்க ஆரம்பித்தாள்.

"ஏ, அதை எதுக்கு ஒழிக்கிற?"

"பின்ன, பாச்சலூர்ல இருந்து வரவழைச்சுட்டு வெளியவா நிப்பாட்டுவீங்க? இந்தப் பனிக்கு என்னத்துக்கு ஆகும்?"

"அதுவும் சரிதான். ஒனக்கு இருக்குற பாசம் யாருக்கு வரும்!"

"தரை சில்லுன்னு இருக்கு. கீழ சாக்கு விரிக்கணும்."

"விரி, விரி."

"காத்து அடிக்காம சன்னலுக்கு ஒரு துணி."

"மாட்டிரு."

"செவுத்துல ஒரு ஆணி அடிங்க."

"ஆணி எதுக்கு?"

"மாட்டத்தான்."

சாவி மாட்டுவதற்கு என்று புரிந்துகொண்டு சேனாதிபதி ஆணி அடித்தார். மேஜையை அவரே தூக்கி வெளியே வைத்தார். பாயைச் சுருட்டிப் பரணில் போட்டார். லேப்டாப் அடுக்களையில் அரிசி டின் மேலே குடியேறியது. ஜாவாவுக்காக இதைக்கூடச் செய்ய மாட்டாரா? அன்றைக்கு முழுக்க அவர் செய்த வேலையைக் காட்டில் செய்திருந்தால் மிச்சப் பூண்டும் வீட்டுக்கு வந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்தச் சத்தம் கேட்டது. பூம்பாறைப் பக்கத்து வளைவிலிருந்து, பனிக்குள்ளிருந்து, படபடபடவென்று ஜாவா வந்தது. சேனாதிபதி தலை சீவிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். என்ன மினுக்கு! என்ன புகை! மேலே நல்லசாமி. குல்லாயும் மப்ளருமாக, ஒரு கையில் கட்டுப் போட்டபடி.

ஜாவாவுக்குப் பின்னாலேயே ஒரு சரக்கு வண்டியும் வந்து நின்றது. அதில் ஒரு கட்டில் இருந்தது. ஒரு தகரப்பெட்டி இருந்தது. கூடைக்குள் நான்கைந்து கோழிகள். கம்பளியில் சுற்றிய ஒரு போட்டோச் சட்டம். கம்பளி விலகிய இடத்தில் மாமியார் சிரித்துக்கொண்டிருந்தார்.

சேனாதிபதி கட்டிலையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாமா, வண்டி மட்டும்..."

நல்லசாமி அவரைப் பேச விடவில்லை. இறங்கி வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, 'இனிமே வீடு போளூர்தான் மாமா, வாங்க'ன்னீங்களே. 'இல்லாம எங்களால முடியாது மாமா'ன்னீங்களே. அவ போனதுக்கப்புறம் என்னைய ஒருத்தர் அப்படிச் சொல்லிக் கேட்டதே இல்ல. இந்தா, ஜாவா சாவி. இனிமே எனக்கு எதுக்கு? இருக்க எடம் குடுத்தீங்க, அது போதும்."

சேனாதிபதி ஜாவாவுக்காகப் பேசிய பேச்சில் ஜாவாவை மட்டும் சிக்னல் தின்றுவிட்டிருந்தது. மிச்சமெல்லாம் பத்திரமாகப் பாச்சலூர் போய்ச் சேர்ந்திருந்தது. கையில் சாவி இருந்தது. சந்தோஷப்பட முடியவில்லை. வெட்கமாகவும் இருந்தது. ஒரு கிழவர் கையைப் பிடித்துக்கொண்டு அழும்போது, 'நான் உங்களைக் கூப்பிடவில்லை' என்று எந்த வாயால் சொல்வது?

கட்டில் உள்ளே போனது. ஆபீஸ் தரையில் விரித்த சாக்கின் மேல், சன்னல் துணிக்கு நேராக, அளந்து வைத்ததுபோல் பொருந்தி உட்கார்ந்தது. ஆணியில் மாமியார் ஏறினார்.

சேனாதிபதி அடுக்களைக்குப் பாய்ந்தார்.

"மதி! இது என்ன?"

"ஜாவா ஹோம்."

"வெளையாடாத. நான் வண்டியைத்தான கேட்டேன்!"

"வண்டி வந்துருச்சுல்ல?"

"அவரும்ல வந்துருக்காரு! இங்க பாரு, ஜாவா தேவையில்லன்னு டாக்டரு மாத்திச் சொல்லிட்டாருன்னு பக்குவமா எடுத்துச் சொல்லி..."

"டாக்டரா? அவரையே கேட்டுருவோமே." அரிசி டின் மேலிருந்த லேப்டாப்பை அவள் திறந்து 'டாக்டர்' என்று தட்டினாள். வரிசையாகப் பச்சை டிக். மேலிருந்து கீழ் வரை, நட்டு வைத்த பூண்டுப் பாத்தி மாதிரி ஒரே பச்சை. ஒரு சிவப்புகூட இல்லை.

சேனாதிபதி சிவப்பைத் தேடி மேலும் கீழும் பார்த்தார்.

"இது எப்பச் சரியாச்சு?"

"நீங்க என்னையக் கூப்பிட்டு ஜாவாவைக் காட்டுனீங்களே, அன்னைக்கே. நீங்க ஞானவேலண்ணன்கிட்ட கதை பேசப் போனதும் தொறந்து பாத்தேன். 'காம்போனென்ட் கொறையுது, எறக்கட்டுமா'ன்னு பாவம் அதுவே கேட்டுக்கிட்டுக் கெடந்துச்சு. எறக்குன்னேன். லைசென்ஸுக்கு சம்மதமான்னுச்சு. எல்லாத்துக்கும் சம்மதம்னேன். ஜாவா அது வயித்துக்குள்ளயேதான் இருந்துச்சு. அதுக்கு வழி காட்டுறது எப்படின்னு மட்டும் எங்க சித்தி மக லாவண்யாகிட்ட கேட்டுக்கிட்டேன். கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியிலதான இருக்கா."

"அப்ப... ஒனக்குத் தெரியும்!"

"என்னது?"

"ஜாவாங்கிறது..."

சேனாதிபதி நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க. ஜாவாங்கிறது? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, அப்பாவுக்கும் கேக்கட்டும்."

சொன்னால் பொய் உடையும். சொல்லாவிட்டால் கட்டில் நிலைக்கும். சேனாதிபதி இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். அடுக்களைக்கு ஒரே ஒரு வாசல்தான். அதில் தமிழ்மதி நின்றுகொண்டிருந்தாள்.

அவர் வாயை மூடினார்.

தமிழ்மதி குரலைத் தணித்துக்கொண்டாள். "கையில கஞ்சி கொட்டிக்கிட்டு அன்னைக்கு அவரு ராத்திரி முழுக்க ஒத்தையில ஊதிக்கிட்டுக் கெடந்துருக்காரு. அப்பவும் நீங்க பாப்போம்னீங்க. எனக்கு வேற வழி தெரியலைங்க." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. சேனாதிபதிக்கு அதற்கு மேல் சண்டை போட மனசு வரவில்லை. மனசு வந்திருந்தாலும் ஜெயித்திருக்க மாட்டார், அது வேறு விஷயம்.

மறுநாள் விடியும் முன்னமே நல்லசாமி வேலையை ஆரம்பித்துவிட்டார். "மாப்ள, வெரசா எந்திரிங்க! பச்சை டிக் விழுந்துருச்சாம்ல, ஆப் செய்யணும்னு மதி சொல்லுச்சு! நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்!" கூடவே பாச்சலூர்ச் சேவலும் கூவியது.

ஆனாலும் சேனாதிபதிக்கு ஒரு ஆறுதல் பாக்கி இருந்தது. ஜாவா. அது இனிமேல் அவருடையது. பொழுது நன்றாக விடிந்ததும், பூம்பாறைக் கோயிலில் வண்டிக்கு ஒரு பூசை போட்டுவிட்டு வரலாம் என்று பேச்சு எழுந்தது. மாமனாரும் மகளும் துணி மாற்றிக்கொண்டிருக்க, சேனாதிபதி வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் பார்க்க வாசலுக்கு வந்தார். ஞானவேல் வேலியில் முழங்கையை ஊன்றியிருந்தார். அது இன்னும் நல்லதுதான். நன்றாகப் பார்க்கட்டும்.

ஜம்மென்று ஏறி உட்கார்ந்தார். கிக்கரை உதைக்கக் காலைத் தூக்கினார். கிக்கரைக் காணோம். குனிந்து இந்தப் பக்கம் பார்த்தார். இறங்கி அந்தப் பக்கம் பார்த்தார். இரண்டு பக்கமும் கிக்கர் இல்லை.

"மாமா! வர்ற வழியில கிக்கரு விழுந்துருச்சு போல!"

"காம்போனென்ட் மிஸ்ஸிங்காலே?" என்றார் வேலி.

நல்லசாமி வெளியே வந்து சிரித்தார். "ஜாவாவுக்குக் கிக்கரு தனியா கெடையாது மாப்ள. அந்த கியரு கம்பியை உள்ளுக்க அமுக்கி மேல தூக்குங்க. அதான் கிக்கரு."

சேனாதிபதி அமுக்கினார். தூக்கினார். உதைத்தார். கம்பி திரும்பி வந்து அவரை உதைத்தது. முழங்காலுக்குக் கீழே கையால் பொத்திக்கொண்டு ஒற்றைக் காலில் வாசலை ஒரு சுற்று சுற்றினார்.

"கொஞ்சம் தள்ளுங்க" என்றாள் தமிழ்மதி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கம்பியை ஒரு அமுக்கு, ஒரு தூக்கு, ஒரே உதை. படபடபடவென்று ஜாவா உயிர் பெற்றது.

"ஒனக்கு... எப்படி?"

"அவ லைசென்ஸ் வாங்குனதே இந்த வண்டியை ஓட்டிக் காட்டித்தான மாப்ள!" என்றார் நல்லசாமி பெருமையாக. "பாச்சலூர்ல இருந்து தாண்டிக்குடி வரைக்கும் இதுலதான் போவா. நீங்க பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக்கூட இதுலதான் உங்களுக்கு வடைக்கு உளுந்து வாங்கப் போயிட்டு வந்தா. உங்ககிட்ட லைசென்ஸ் இருக்குல்ல?"

சேனாதிபதி குனிந்து காலைத் தடவினார். அது ஒரு பதில்தான். நல்லசாமி தலையாட்டிக்கொண்டே மகளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். தமிழ்மதி தலைக்கவசத்தை மாட்டி, அப்பாவுக்கும் ஒன்றை மாட்டிவிட்டாள். வண்டி நகர்ந்தது.

"மதி! அப்ப நான்?"

ஜாவா சத்தத்துக்கு மேல் அவள் குரல் தெளிவாக, ஒரு வார்த்தைகூட விட்டுப்போகாமல் வந்தது.

"பின்னாடியே பஸ்ஸுல வந்துருங்க! பொம்பளையாளுகளுக்குத்தான் ஓசி, நீங்க மறக்காம டிக்கெட் எடுத்துருங்க!"